கோடை என்னும் மலை



சித்திரை, வைகாசித் திங்கள்களில் தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் உந்துகள் கோடைக்கானலை நோக்கி ஏறுகின்றன. கூட்டம் அளவு கடந்தமையால், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மின்வழி இசைவுச் சீட்டுப் பெற்றே மலையேற வேண்டும் என்னும் நடைமுறையே வந்துவிட்டது. இத்துணைப் பேர் ஏறிச் சென்று காண்பவை எவை? ஏரியில் படகு, கரையில் மிதிவண்டி, தூண்பாறையின் முன் ஒளிப்படம், கடைத்தெருவில் சாக்கலேட்டு. இரண்டு நாளில் இறங்கிவிடுகின்றனர். இறங்கி வந்தவரிடம், "மலையில் என்ன கண்டீர்?" என்று வினவினால், "குளிர் நன்றாக இருந்தது" என்பர்.

குளிரை நாடிச் செல்வது குற்றமன்று. வெயிலில் வாடிய உடம்பு தண்ணிய இடத்தை நாடுவது இயற்கை. ஆனால் குளிரை உடம்பு உணரும். மலையை அறிவன்றோ உணர வேண்டும்? ஓர் ஊருக்குச் சென்றவன் அவ்வூரின் வரலாற்றை அறியாமலே திரும்புவானாயின், அவன் வேறொரு விடுதியில் படுத்து எழுந்து வந்தவனேயன்றி, வழிச்செலவு மேற்கொண்டவன் ஆகான். பழனிமலைத் தொடரைக் காணச் செல்லும் தமிழன் எதனை, எவ்வழியில், எத்தகைய கண்ணோடு காண வேண்டும் என்பதே இப்பொழிவின் பொருள்.

முதற்கண் பெயர். கோடைக்கானல் என்னும் பெயருக்கு உந்து ஓட்டுநர் முதல் விடுதிக்காரர் வரை கூறும் விளக்கம் ஒன்றே. கோடைக் காலத்தில் வெள்ளையர் வந்து தங்கிய காடு, ஆகவே கோடைக்கானல் என்பர். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதனைக் கேட்டுத் தலையசைத்தவன் ஈராயிரம் ஆண்டு வரலாற்றை அந்நொடியிலேயே இழந்துவிடுகிறான்.

கோடை என்பது கழகக் காலத்திலேயே ஒரு மலையின் பெயர். புறநானூற்றின் 205-ஆம் பாட்டு, கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனை விளித்துப் பெருந்தலைச் சாத்தனார் பாடியது. அகநானூற்றின் 13-ஆம் பாட்டும் அப்புலவருடையதே. அதில் கோடைத் தலைவனாகப் பண்ணி என்பவன் பேசப்படுகிறான். அந்தக் கோடையே இன்றைய கோடைக்கானல் மலை என்பது அறிஞர் கொள்கை. கானல் என்னும் பிற்பகுதியைப் பலர் பலவாறு பிரித்துக் காட்டுவர். முற்பகுதியாகிய கோடை, மலையின் இயற்பெயர். வெள்ளையன் வெயிலுக்கு ஒதுங்க வந்ததனால் அது பிறந்ததன்று. அவன் வருகைக்குப் பதினெட்டு நூற்றாண்டுகட்கு முன்பே புலவன் நாவில் இருந்தது.

அப்புறப்பாட்டின் செய்தியும் எண்ணத் தக்கது. பரிசில் நாடி வந்த புலவரை வேட்டுவன் காக்க வைத்தான். புலவர் கெஞ்சவில்லை. முடியுடை மூவேந்தரே ஆயினும் மதியாது தரும் பொருளை ஏலோம் என்னும் கருத்துப்பட அவனுக்கு எடுத்துரைத்தார். கோடைமலையைப் பற்றித் தமிழ் வைத்திருக்கும் பழைய செய்திகளுள் ஒன்று, தமிழ்ப் புலவனின் தன்மதிப்பைப் பற்றியது. இதனை அறிந்து மலையேறுகிறவன் தலை சற்று நிமிர்ந்தே ஏறுவான்.

இனி வழி. வத்தலக்குண்டு வழியாக ஏறுவோரே மிகுதி. மலையை அறிய விரும்புவோர் பழனியிலிருந்து ஏறுவது நன்று. ஏனெனில் மலைத்தொடர் முழுமைக்கும் பெயர் தந்த இடம் அது. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் பொதினி என்று குறிக்கும் இடமே பழனி எனத் திரிந்தது என்பர். அப்பாட்டில் நெடுவேள் ஆவி என்னும் தலைவன் பேசப்படுகிறான். ஆவியர் குடியின் ஊரே ஆவினன்குடி. திருமுருகாற்றுப்படை பாடும் திருவாவினன்குடி, இன்று மலையடிவாரத்தில் நிற்கும் அக்கோயிலே. மலைமேல் ஏறும் அடியவர் பலர் அடிவாரக் கோயிலைக் கடந்து செல்கின்றனர். பெயரின் வேர் அடிவாரத்தில் இருக்கிறது.

மாமூலனார் அப்பாட்டில் ஓர் உவமை காட்டுகிறார். சாணைக்கல் செய்யும் தொழிலாளன், அரக்கால் ஒட்டிய கல்லைப் போலப் பிரியாதிருப்போம் என்று தலைவன் சொன்ன சொல் அது. காதலுக்கு மலரையும் நிலவையும் தேடாமல், பட்டறையிலிருந்து உவமை எடுத்த புலமை அது. கல்லைப் பட்டை தீட்டும் தொழிலும் அதன் நுட்பமும் அன்றைய மக்கள் கண்முன் நாள்தோறும் நடந்திருந்தாலன்றி அவ்வுவமை கேட்பவர் உள்ளத்தில் பதிந்திராது.

ஆவியர் குடியில் வந்தவனே வையாவிக் கோப்பெரும்பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று பள்ளிப் பிள்ளையும் அறிவான். ஆனால் அவனைப் பற்றிய புறநானூற்றுப் பாட்டுகளுள் ஐந்து வேறொன்றைப் பேசுவதைப் பலர் அறியார். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்த காலத்தில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்றனர். பொன்னும் பொருளும் எங்கள் வேண்டுகோள் அல்ல. நின் மனைவியின் கண்ணீரைத் துடைப்பதே யாங்கள் வேண்டும் பரிசில் என்று அவர்கள் அவனை இடித்துரைத்தனர். அரசன் வீட்டு அறத்தைப் புலவர் நால்வர் சென்று கேட்ட மலைநாடு இது.

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், மலையின் அடியில், பொருந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அங்கு அகழாய்வு நடந்தது. ஓர் ஈமக்குழியில் நாற்கால் சாடி ஒன்றும், அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லும் கிடைத்தன. அதே குழியில் கலம் தாங்கும் மண்வளையம் ஒன்று இருந்தது. அதன்மேல் தமிழி எழுத்துகள். "வய்ர" என்று படிக்கப்பட்டன. நெல்லின் அகவையை ஆய்வகம் கி.மு. 490 எனக் கணித்தது. ஒரே கணிப்பைக் கொண்டு எழுத்தின் காலத்தை முடிவு செய்யலாகாது எனத் தடை எழுப்பிய அறிஞரும் உளர். அத்தடை அறிவுலகத்தில் எழுவது முறையே. பின்னர்க் கீழடியின் கணிப்பு 2019-இல் வெளிவந்தபோது, அது கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை சென்றது. பொருந்தலில் கண்ணாடி மணி செய்த உலைக்களத்தின் தடயமும் மணிகளும் கிடைத்தன. சாணைக்கல் உவமை பாடிய நாட்டில் மணித்தொழில் நடந்ததற்கு மண்ணே சான்று தந்தது.

பொருந்தலுக்கும் கோடைக்கானல் ஏரிக்கும் இடையே ஒரு காலை நேரத் தொலைவுதான். ஏரிக்குச் செல்வோர் எத்தனை நூறாயிரவர். பொருந்தலுக்குச் செல்வோர் எத்துணைப் பேர்?

பழனியிலிருந்து மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் பயிர்கள் மாறுகின்றன. கீழ்ப்பழனி மலைகளில் காப்பி, மலைவாழை, வெண்ணெய்ப்பழம், பந்தல் பந்தலாகச் சவுசவு. விருப்பாச்சி மலைவாழைக்கு 2008-இலும், அதனைக் கொண்டு செய்யும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழை இந்நாட்டுப் பழம்பயிர். வெண்ணெய்ப்பழமும் சவுசவும் கடல் கடந்து வந்தவை. அவற்றின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளும் ஆகும். மலைமேல் விற்கும் சாக்கலேட்டும் அம்மக்கள் உலகுக்குத் தந்த பெயரே. தக்காளி, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களும் மெக்சிகோவின் தொல்குடியினர் பேசும் நாவாத்து மொழிச் சொற்களின் திரிபுகளே. இச்செய்தியை இங்கே உள்ளத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஏரிக்கரைக்கு வரும்போது இது பயன்படும்.

சாலை பெருமாள்மலையை நெருங்குகையில் அம்மலைத்தொடரின் மிகப் பழைய கட்டடங்கள் அண்மையில் வந்துவிடுகின்றன. பேத்துப்பாறை, அடுக்கம், மச்சூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி முதலிய ஊர்ப்புறங்களில் கற்றிட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களை நாற்புறமும் நிமிர்த்தி, மேலே பெருங்கல் ஒன்றை மூடியாக இட்டு, சுற்றிலும் கல் அடுக்கி அமைத்த ஈமச் சின்னங்கள் இவை. பெருங்கற்காலத் தமிழ் முன்னோர் தம் இறந்தாரைப் போற்றிய இடங்கள். பொறியும் சக்கரமும் இன்றி அம்மூடுகற்களைத் தூக்கி வைத்த தோள்கள் எத்தகையன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஊரார் இவற்றை என்னவென்று சொல்லுகின்றனர்? பாண்டவர் வீடு என்கின்றனர். வடநாட்டுக் கதைமாந்தர் காட்டில் அலைந்தபோது கட்டிய வீடாம். பாட்டன் கட்டிய கல்லறையைப் பிறன் கட்டிய வீடு என்று பேரன் காட்டுகிறான். கழகப் பாட்டுகளில் பதுக்கை என்று கூறப்படுவது கல்லைக் குவித்து எழுப்பிய ஈமக்குவை. அச்சொல் வழக்கிழந்தது. சொல் போன இடத்தில் கதை வந்து அமர்ந்தது. பெயர் போனால் உரிமை போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெயர் போனபின் கல்லும் போகிறது. மூடுகல் பெயர்ந்தனவும், உள்ளே புதையல் உண்டெனத் தோண்டிச் சிதைத்தனவும், தோட்டத்து வரப்புக்குக் கல்லாய்ப் போனனவும் பல. தன் முன்னோன் கல்லறை என்று அறிந்தவன் அதன்மேல் கடப்பாரை வைப்பானா?

இக்கற்றிட்டைகளை முதன்முதல் முறையாக அளந்து, வரைந்து, நூலாக்கியவர் யார்? பெருமாள்மலையைக் கடந்தால் செண்பகனூர் வரும். அங்கே இயேசு அவையினர் 1895-இல் நிறுவிய திருநெஞ்சக் கல்லூரி இருக்கிறது. அங்கு வாழ்ந்த பிரெஞ்சு நாட்டு அங்லேடு அடிகளார், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து பழனிமலைக் கற்றிட்டைகளைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அவ்வடிகளார் மலையின் செடிகொடிகளையும் வண்ணத்தில் வரைந்து வைத்தார். அவர் வழியில் மாத்தியூ அடிகளார் பழனிமலையின் நிலைத்திணை அனைத்தையும் தொகுத்து 1999-இல் மூன்று மடலங்களாக வெளியிட்டார். செண்பகனூர் அருங்காட்சியகத்தில் மலையின் உயிர்களும், நிலைத்திணைகளும், அகழ்ந்தெடுத்த பழம்பொருள்களும் ஒருங்கே உள்ளன. அரைநாள் அங்கே செலவிட்டவன், ஏரியை நான்கு முறை சுற்றி வந்தவனினும் மலையை மிகுதியாக அறிவான்.

பிறநாட்டார் செய்த பணியைப் போற்றுவது தமிழர்க்குச் சிறுமையன்று. நன்றி மறப்பதே சிறுமை. ஆனால் அவர்கள் அளந்த கல்லை இவர்கள் காணவும் செல்லாதிருப்பது சிறுமையினும் சிறுமை.

இனி நகரம். இங்குதான் பெயர்களின் போராட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலப் படைத்துறையினர் மலையை அளந்தார். 1845-இல் அமெரிக்கக் கிறித்துவ ஊழியர் முதல் வீடுகளைக் கட்டினர். மதுரை மாவட்டத் தண்டலராக இருந்த இலெவிஞ்சு என்பார் 1863-இல் ஓடைக்கு அணை கட்டி ஏரியை அமைத்தார். 1872-இல் கோக்கர் என்னும் படையலுவலர் மலைவிளிம்பில் நடைவழி ஒன்றை வகுத்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

சாலை இல்லாத அக்காலத்தில் வெள்ளையர் எவ்வாறு ஏறினர்? பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகச் செங்குத்தான ஒற்றையடித் தடம் உண்டு. அத்தடத்தில் நாற்காலியிலும் தூளியிலும் அமர்ந்து சென்றனர். சுமந்தவர் தமிழர். அவ்வழிக்கு ஆங்கிலத்தில் கூலிவழி என்றே பெயர். அமர்ந்து சென்றவர் பெயரால் நடைவழியும் பூங்காவும் உள்ளன. சுமந்தவருள் ஒருவன் பெயரேனும் மலையில் எங்கும் எழுதப்படவில்லை.

கூலி என்பது உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். ஆங்கிலத்தில் ஆளையே இழித்துச் சொல்லும் சொல்லாகிய 'கூலி' இதிலிருந்தே பிறந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. இதே மலைகளிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட மற்றொரு சொல்லும் உண்டு. உயர்மலைப் பள்ளங்களில் நீரைத் தேக்கிச் செறிந்து நிற்கும் குட்டைமரக் காட்டை உலக நிலைத்திணை அறிஞர் அனைவரும் 'சோலா' என்கின்றனர். அது தமிழின் சோலையே. மலையை ஆராய்ந்தவன் எடுத்த சொல் அறிவியலில் பெருமையோடு வாழ்கிறது. மலைமேல் சுமக்க வைத்தவன் எடுத்த சொல் வசைச்சொல்லாயிற்று. சொல் ஒரே மொழியினதாயினும், எடுத்தவன் கண்ணால் அதன் தலையெழுத்து மாறியது.

கோக்கர் பெயரை நீக்குக என்று சொல்ல வரவில்லை. வழி வகுத்தவன் பெயர் வழிக்கு இருக்கட்டும், அதுவும் வரலாறே. ஆனால் கடலே காணாத மலைப்பாறைக்கு ஓங்கில் மீனின் மூக்கு என்று ஆங்கிலத்தில் பெயர். தூண்பாறையை அடுத்த ஆழ்பிளவுக்கு ஆங்கிலத்தில் பேயின் அடுக்களை என்று பெயர். 1991-இல் வந்த ஒரு திரைப்படத்தால் அது 'குணா குகை' ஆயிற்று. 2024-இல் வேறொரு மலையாளத் திரைப்படம் வந்தபின் அங்கே கூட்டம் நெரிகிறது. ஆயிரம் ஆண்டு ஆடு மேய்த்தவனும் தேனெடுத்தவனும் அப்பிளவுக்கும் அப்பாறைக்கும் பெயரிடாமலா இருந்திருப்பர்? பளியரிடமும் மலையுழவரிடமும் அமர்ந்து கேட்டு எழுதி வைக்கும் வேலை ஒன்று காத்திருக்கிறது.

இவ்விடத்தில் மெக்சிகோவை நினைத்துப் பார்த்தல் பயன் தரும். அந்நாட்டின் தலைநகரும் மலைமேல் நகரம்தான். கோடைக்கானல் ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரம்; மெக்சிகோ நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே பெரிய ஏரியின் நடுத்தீவில் மெக்சிகர் என்னும் தொல்குடியினர் தெனோச்சுதித்லான் என்னும் நகரை எழுப்பி வாழ்ந்தனர். இசுபானியர் அதனை 1521-இல் அழித்தனர். கோயிற் கற்களைப் பெயர்த்தே தம் மாளிகைகளையும் வழிபாட்டு மனைகளையும் கட்டினர். காலப்போக்கில் ஏரியையும் வடித்தனர். இங்கே வெள்ளையன் ஏரி அமைத்து ஊர் கண்டான். அங்கே வெள்ளையன் ஏரியை அழித்து ஊர் கண்டான்.

நான்கரை நூற்றாண்டு கடந்தது. 1978 பிப்பிரவரியில், மின்கம்பி பதிக்கத் தெருவைத் தோண்டிய தொழிலாளர் மண்வெட்டியில் ஒரு கல் தட்டுப்பட்டது. மூன்று மீட்டருக்கும் மிகுந்த குறுக்களவுள்ள வட்டக்கல். அதில் கொயோல்சாவ்கி என்னும் பெண்தெய்வத்தின் உருவம். அந்நாட்டார் என்ன செய்தனர்? மண்ணைப் போட்டு மூடிக் கம்பியைப் பதிக்கவில்லை. நகரின் நடுவிடத்திலேயே கட்டடங்களை அகற்றி அகழ்ந்தனர். பெருங்கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. 1987-இல் அவ்விடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தனர். இன்று அந்நகருக்குச் செல்லும் வழிச்செலவினர், இசுபானியர் கட்டிய பேராலயத்தையும் அதன் அருகே அழிக்கப்பட்ட கோயிலின் படிகளையும் ஒரே பார்வையில் காண்கின்றனர். இரண்டு வரலாறும் அங்கே அருகருகே நிற்கின்றன.

பெயர்களையும் அவர்கள் விடவில்லை. ஒரு பெரும்பூங்காவின் பெயர் வெட்டுக்கிளிக் குன்று எனப் பொருள்படும் தொல்மொழிப் பெயர். மிதவைத் தோட்டங்கள் உள்ள பகுதியின் பெயர் பூவயல் எனப் பொருள்படுவது. நாட்டின் பெயரே தொல்குடியின் பெயர். ஆட்சிமொழி இசுபானியமாயினும் நாவாத்து மொழியை இன்றும் பதினைந்து நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். தோற்ற மக்களே இவ்வளவு காத்தனர் என்றால், மொழியும் இலக்கியமும் மண்ணும் கையில் வைத்திருக்கும் தமிழர் எவ்வளவு காத்திருக்க வேண்டும்?

கோடைக்கானலில் அத்தகைய காப்புக்கு வழிகாட்டும் இடம் ஒன்று உண்டு. அதுவே குறிஞ்சியாண்டவர் கோயில். 1936-இல் அதனைக் கட்டியவர் ஆத்திரேலிய நாட்டில் பிறந்த அம்மையார். ஈழத்துப் பெருமகன் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இலீலாவதி இராமநாதன் ஆனவர். மலையில் கோயில் எழுப்பியவர் இறைவனுக்கு என்ன பெயர் சூட்டினார் என்பதை நோக்குக. குறிஞ்சி நிலத்துக்குத் தெய்வம் சேயோன் என்னும் தொல்காப்பிய மரபு அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது. திணை, பூ, தெய்வம் மூன்றும் ஒரு சொல்லில் நிற்கின்றன. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பழனிக் குன்றைக் காணலாம். பொதினியிலிருந்து ஏறி வந்தவன் அங்கே நின்று தான் ஏறிய அடியைத் திரும்பிப் பார்க்கிறான்.

குறிஞ்சிப்பூ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையெங்கும் நீலமாய்ப் பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. மலைவாழ் பளியர் தம் அகவையைக் குறிஞ்சி பூத்த கணக்கால் சொல்லுவது வழக்கம் என்பர். ஆனால் அது பூக்கும் புல்வெளிகள் சுருங்கிவிட்டன. வெள்ளையர் காலந்தொட்டுச் சீகையும் தைலமரமும் ஊசியிலை மரமும் புல்வெளியில் நடப்பட்டன. செலவினர் அவ்வூசியிலைக் காட்டில் நின்று படம் எடுத்து, இதுவே மலையின் இயற்கை என்று மகிழ்கின்றனர். அது நட்ட காடு. மலையின் தன் காடு சோலை. மலையின் தன் வெளி குறிஞ்சி பூக்கும் புல்வெளி. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்கும் ஆற்றுக்கும் ஆண்டு முழுதும் விடுவது அச்சோலையும் புல்லும். சோலை போயின் அடிவாரத்து உழவன் வயலும் போகும்.

கோயிலைக் கண்டபின் ஞாயிற்று ஆய்வு நிலையத்தையும் காண வேண்டும். சென்னையில் 1792-இல் எழுந்த வானாய்வு நிலையத்தின் வழிவந்தது இது. அச்சென்னை நிலையத்தின் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. 1876-இல் தொடங்கிய தாது ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாய் மடிந்தபின், மழை பொய்ப்பதற்கும் ஞாயிற்றின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டோ என்று ஆராயும் எண்ணம் எழுந்தது. அதன் விளைவாக 1899-இல் கோடைக்கானலில் இந்நிலையம் நிறுவப்பட்டது. 1901 முதல் ஞாயிற்றை நோக்கி வருகிறது. 1909-இல் எவர்செட்டு என்பார், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வளி நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். அவ்வியக்கம் உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட ஞாயிற்றுப் படங்கள் அங்கே தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. பட்டினியால் மாண்ட தமிழ் ஏழையின் சாவிலிருந்து எழுந்த அறிவுக்கூடம் என்பதை உணர்ந்து அதன் படியேறுதல் வேண்டும்.

நகரைக் கடந்து மேற்கே சென்றால் பூம்பாறை. படிப்படியாய் இறங்கும் வயல்களில் பூண்டு. கோடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்குள்ள குழந்தை வேலப்பர் கோயில் அருணகிரிநாதர் பாடிய பெருமை உடையது. அப்பால் மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் என்று மலையுழவரின் பழைய ஊர்கள். இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் மலை தமிழ் பேசுவது கேட்கும். கிழக்கே தாண்டிக்குடி; அங்கும் பெருங்கற்கால ஈமக்காட்டில் அகழாய்வு நடந்துள்ளது.

ஆகவே மலைக்குச் செல்வோர்க்குச் சொல்ல வேண்டியவை சிலவே. ஏறுமுன் அகநானூற்றின் முதற்பாட்டையும் புறநானூற்றில் பேகனைப் பாடிய பாட்டுகளையும் உரையோடு ஒருமுறை படித்துச் செல்லுக. பழனி வழியே ஏறுக. பொருந்தலைக் காணாது ஏறற்க. கற்றிட்டையைக் காட்டும் ஊர்ப்பிள்ளை பாண்டவர் வீடு என்றால், அவனைப் பழிக்காமல், அது அவன் பாட்டன் கல்லறை என்று எடுத்துச் சொல்லுக. கல்லின்மேல் பெயர் கீறற்க. நெகிழிப் பையையும் புட்டியையும் சோலையில் எறியற்க. மலையில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரிடமேனும் அமர்ந்து, ஓடைக்கும் பாறைக்கும் மரத்துக்கும் அவர் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்க. பத்துப் பெயர் கிடைத்தாலும் அது சாக்கலேட்டுப் பெட்டியினும் சிறந்த கொண்டுவரல்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மாணவரைக் கோடைக்கானலுக்கு அழைத்துச் செல்கின்றீர்கள். ஏரிக்கு ஒரு மணி நேரம் போதும். எஞ்சிய நாளைச் செண்பகனூருக்கும் பேத்துப்பாறைக்கும் கொடுங்கள். ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பத்தாண்டில் மலையின் பெயர்க்களஞ்சியம் ஒன்று தானாகவே உருவாகிவிடும்.

கணக்குப்படி குறிஞ்சி இனி 2030-இல் பூக்கும். அவ்வாண்டு மலையேறும் கூட்டம் இதுவரை காணாத கூட்டமாக இருக்கும். அப்போது பூவைக் காட்டுவதற்கு ஆளும் அறிவிப்புப் பலகையும் இருக்கும். பூம்பாறை முதியவர் ஓடைக்கு இட்ட பெயரைச் சொல்ல அவர் இருப்பாரோ, பேத்துப்பாறைக் கல்லின்மேல் மூடுகல் இருக்குமோ என்பதுதான் கேள்வி. அதற்கு விடை இன்றைக்கும் 2030-க்கும் இடையே மலையேறுகின்ற தமிழர் கையில் இருக்கிறது.